கதவுக்குக் கீழே நீட்டிய கை

சில வாரங்களுக்கு முன் பயிற்சிக் கல்லூரியில் ஓய்வு பெற்ற சிலரைக் கூப்பிட்டு, புதிதாக அம்புலன்ஸ் வேலைக்குப் போகப்போகிறவர்களோடு பேசச் சொன்னார்கள். நானும் போனேன். பேச்சு முடிந்து எல்லோரும் கோப்பி குடிக்க எழுந்துபோன பிறகு ஒரு பெண் மட்டும் நின்றாள். மொன்றியலின் பியர்பொன்ட்ஸில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. கனேடிய இராணுவத்தில் சில வருடங்கள் இருந்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வருகிறவள். வெளியே நல்ல வெயில். அவளோ சீருடைக்கு உள்ளே மணிக்கட்டு வரை இறுக்கமான கறுப்புச் சட்டை ஒன்று போட்டிருந்தாள்.

"அங்கிள், நீங்க தொடங்கேக்க உங்கட கையை மறைச்சனீங்களோ?" என்று கேட்டாள்.

ஏன் கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "மறைச்சனான். பேந்து விட்டிட்டன்" என்றேன். அதற்குள் அடுத்த வகுப்புக்காரர் கதிரைகளை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவளுக்குப் பாதிப் பதில்தான் கிடைத்தது. மீதியை எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு எழுதத் தொடங்கியதுதான். உங்கள் எல்லோருக்குமாக நீண்டுவிட்டது.

நான் அம்புலன்ஸ் வேலைக்கு வந்தபோது எனக்கு நாற்பது வயது. வகுப்பில் மற்றவர்கள் இருபது, இருபத்திரண்டு. அதற்கு முன் இராணுவத்தில் மருத்துவ உதவியாளனாக இருந்தேன். ஆப்கானிஸ்தானுக்கும் போய் வந்தேன். அங்கிருந்து நான் கொண்டுவந்தவற்றில் பாதி என் தோலில் இருந்தது. வலது புறங்கையில் பச்சை குத்திய ஒரு தேள், எங்கள் அணியின் அடையாளம். வால் மணிக்கட்டைச் சுற்றிப் போகும். கழுத்தில் காதுக்குக் கீழே என் இரத்த வகையைப் பெரிய எழுத்தில் குத்தியிருந்தேன். மண்ணில் விழுந்து கிடந்தால் தேடுகிறவனுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று அந்த வயதில் யோசித்தோம். இடது கையில் முழங்கை வரை படங்கள்.

இராணுவத்தில் இவற்றை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. மொன்றியலில் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து இருக்கை கடைசிவரை காலியாக இருக்கும்.

வேலையில் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் அல்ல. "கூப்பிட்டவர்கள் ஏற்கெனவே பயந்துபோய் இருப்பார்கள். கதவைத் திறந்ததும் உன் கழுத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று மாலையே கழுத்துவரை மூடும் கறுப்பு உட்சட்டைகள் வாங்கினேன். தேளைக் கையுறை மறைத்தது. இனி எல்லாம் சரி என்று நினைத்தேன்.

என் வண்டிக் கூட்டாளி ஒரு கியூபெக் பெண். வடக்கே சுரங்க ஊர் ஒன்றிலிருந்து வந்தவள். என்னைவிடப் பதினாலு வயது குறைவு. வேலையில் எனக்கு மூத்தவள். வண்டியில் தீர்மானம் எடுப்பது அவள்தான். எந்நேரமும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருப்பாள். என்னை இராணுவப் பதவியைச் சொல்லிக் "கோப்ரல்" என்று கூப்பிடுவாள். கேலியாகத் தொடங்கியது, பிறகு பெயராகிவிட்டது. சேர்ந்த கிழமையிலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். "நீ ஒவ்வொரு வீட்டுக்குள் போகும்போதும் முதலில் கூரையைப் பார்க்கிறாய், பிறகு ஜன்னலைப் பார்க்கிறாய், பிறகு உன் கழுத்துப் பட்டியைத் தொட்டுப் பார்க்கிறாய். நோயாளி நாலாவதாகத்தான் வருகிறார்" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உண்மை என்பதால் வந்த கோபம்.

அந்தக் கோடையில் ஒரு நாள் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரிக்கும் ஒரு பெரிய சமையல்கூடத்துக்குப் போனோம். வேலை செய்துகொண்டிருந்தவர் மாடியில் மயங்கி விழுந்திருந்தார். கனமான மனிதர். அடுப்புச் சூடும் வெளிச் சூடும் சேர்ந்து உள்ளே மூச்சு விட முடியவில்லை. அவரைக் கதிரையில் கட்டிப் படியால் இறக்கினோம். நான் கீழ்ப்பக்கம் பிடித்திருந்தேன். பாதிப் படியில் என் கண்ணுக்கு முன்னால் கறுப்புப் புள்ளிகள் பறக்கத் தொடங்கின. உட்சட்டைப் பட்டி கழுத்தை நெரித்தது. சொல்லிவிட வேண்டும் என்று தெரிந்தும் சொல்ல வாய் வரவில்லை. கூட்டாளி என் முகத்தைப் பார்த்தாள். "நில்" என்றாள். அங்கே நின்ற சமையல்காரர் ஒருவரை என் இடத்தில் பிடிக்கச் சொல்லி, நோயாளியைப் பத்திரமாகக் கீழே இறக்கினாள்.

அவரை வைத்தியசாலையில் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தோம். அவர் நலமாக இருந்தார்; நான்தான் வண்டியின் பின்படியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அவள் நோயாளிகளின் உடுப்பை வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். எதுவும் கேட்கவில்லை. என் கழுத்துப் பட்டியைப் பிடித்து ஒரே இழுவையில் வெட்டினாள். பிறகு உட்சட்டையின் இரண்டு கைகளையும் தோளோடு வெட்டி எடுத்துக் குப்பையில் போட்டாள்.

"உன்னை என்னால் தூக்க முடியாது கோப்ரல். எனக்கு இருப்பது ஒரு முதுகு" என்றாள்.

அன்றே மேற்பார்வையாளரிடமும் போனாள். உள்ளே என்ன பேசினாள் என்று தெரியாது. அவர் வெளியே வந்து, "சரி. ஆனால் ஒரே ஒரு முறைப்பாடு வந்தால்கூட மறுபடி மூட வேண்டும். வேறு வேலைக்கு மாற்றவும் நேரலாம்" என்றார். அதற்குப் பிறகு நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு முறைப்பாட்டுக்காக ஒவ்வொரு நாளும் காத்திருந்தேன்.

கோடை முடிந்து மேப்பிள் இலைகள் சிவந்த நாட்களில் ஒரு பிற்பகல். லாசாலில் ஒரு பழைய மூன்று மாடிக் குடியிருப்புக்குக் கூப்பிட்டார்கள். ஜெசிந்தா என்ற தமிழ்ப் பெண் அங்கே தன் வீட்டிலேயே கார்டரி நடத்தினார். வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்வார். ஐம்பதுக்குக் கிட்டிய வயது. சீனி வருத்தம் உள்ளவர், இன்சுலின் போடுகிறவர். எங்களைக் கூப்பிட்டது மிஷ்லின் என்ற ஹெயிட்டிப் பெண். அவருடைய மகள் நவோமியும் அங்கேதான் இருப்பாள். மற்றக் குழந்தைகளைத் தாய்மார் கூட்டிப்போய்விட்டார்கள்; நவோமி மட்டும் மிச்சம். மிஷ்லின் மகளைக் கூட்டிப்போக வந்தபோது ஜெசிந்தா உடல் முழுக்க வியர்த்துப்போய்க் கதவைத் திறந்திருக்கிறார். மிஷ்லினை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்கிற மிஷ்லினுக்குச் சீனி இறங்கினால் எப்படி இருக்கும் என்று தெரியும். உடனே கூப்பிட்டுவிட்டார்.

நாங்கள் படியேறி உள்ளே போனோம். கனத்த சப்பாத்து, கடும் நிறச் சீருடை, இடுப்பில் கருவிகள், தோளில் கரகரக்கும் வானொலி. முன்னறையின் நடுவில் ஜெசிந்தா நின்றார். எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் வேறு நாட்டில், வேறு வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர்களில் நானும் ஒருவன்.

"ஐயோ, ஆமி!" என்றார்.

அடுத்த கணம் விளையாடிக்கொண்டிருந்த நவோமியை வாரி எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் ஓடினார். கதவு அடைபட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

எங்கள் ஊர்க் கதை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். இலங்கையில் எங்கள் ஊர்ப்பக்கத்தில் இராணுவத்தைக் குறிக்கிற "ஆமி" என்பது ஒரு வேலையின் பெயர் அல்ல. அந்தச் சொல் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார்கள். நான் கனடாவின் இராணுவத்தில் சேர்ந்தேன் என்று சொன்னபோது என் சொந்த அம்மாவே, "உனக்கு வேறை வேலை கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் பல மாதம் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை.

மிஷ்லின் அலறினார். "உடையுங்கள்! என் பிள்ளை உள்ளே! உடையுங்கள்!" என் தோளைப் பிடித்துத் தள்ளினார். உள்ளே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, சவர அலகு இருக்கலாம், மருந்துகள் இருக்கலாம். நினைவு தப்பிக்கொண்டிருக்கும் ஒருவரின் கையில் மூன்று வயதுக் குழந்தை. பழைய பலகைக் கதவு. ஓர் உதை போதும். எனக்கு அந்த உதையைக் கற்றுத் தந்திருந்தார்கள். என் கால் தானாகவே ஓர் அடி பின்னால் போய்விட்டது.

அப்போது உள்ளேயிருந்து குரல் வந்தது. "போ! கிட்ட வராதை! பிள்ளையைத் தரமாட்டன்!"

நான் காலைக் கீழே வைத்தேன். குரல் என் முழங்காலுக்குக் கீழேயிருந்து வந்தது. மிகக் கிட்டத்தில். அவர் நிலத்தில் இருந்துகொண்டு முதுகைக் கதவில் கொடுத்திருக்கிறார். கதவு உள்பக்கமாகத் திறப்பது. உதைத்தால் கதவு அவர்மீது போகும். மடியில் குழந்தை இருந்தால் குழந்தைமீதும் போகும்.

கூட்டாளி வானொலியில் தீயணைப்பாளர்களைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்கிறார்?"

"எங்களை இராணுவம் என்று நினைக்கிறார். கதவில் சாய்ந்து இருக்கிறார்."

"பேசிப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டும்?"

"தெரியாது."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அவர் பேசும்வரை நீ பேசு. அவர் பேச்சு நின்றால் நான் உடைப்பேன். அதன் பிறகு என்னோடு விவாதிக்காதே" என்றாள்.

இத்தனை வருடத்தில் நான் கேட்ட மிகத் தெளிவான கட்டளை அதுதான். அவளுக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. ஆனால் பேச்சு இருந்தால் மூளைக்குச் சீனி இன்னும் கொஞ்சம் போகிறது, பேச்சு நின்றால் இனிப் பொறுக்க இயலாது என்பதை அவள் ஒரே எல்லையாக்கிக் காட்டினாள். பொறுமை என்று சொல்லிக்கொண்டு வெறுமனே காத்து நிற்காதீர்கள். எதுவரை காத்திருப்போம், எது நடந்தால் நிறுத்துவோம் என்று முதலே சொல்லிவிட்டுக் காத்திருங்கள். அருகில் நிற்பவருக்கும் அது தெரிய வேண்டும்.

பிறகு அவள் மிஷ்லினின் இரண்டு கைகளையும் பிடித்து, உதைத்தால் பிள்ளைக்குப் படும் என்று மெதுவாக விளக்கினாள். மிஷ்லின் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தார்.

நான் மேலங்கியைக் கழற்றினேன். வானொலியை நிறுத்தினேன். தரையில் கவிழ்ந்து படுத்துக் கதவின் கீழ் இடுக்குக்கு வாயைக் கொண்டுபோனேன். பழைய கட்டடங்களில் அந்த இடுக்கு அகலமாக இருக்கும்.

"அக்கா. நான் தமிழ்தான். என்னோட கதையுங்கோ."

 பிறகு, "ஆர் நீ?"

"அம்புலன்ஸ், அக்கா. உங்களுக்குச் சீனி இறங்கிட்டுது."

"பொய் சொல்லாதை. சப்பாத்துச் சத்தம் கேட்டது. நீ ஆமியோ?"

 "நான் அம்புலன்ஸ், அக்கா" என்று மறுபடியும் சொன்னேன். பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

"துவக்கு வைச்சிருக்கிறியோ?"

"இல்லை அக்கா. துப்பாக்கி ஒண்டும் இல்லை."

"கையைக் காட்டு. கையைக் காட்டு பாப்பம்."

நீலக் கையுறையோடு கையை நீட்டப் போனேன். அது மனிதக் கை மாதிரியே தெரியாது என்று தோன்றியது. கழற்றினேன். அப்போதுதான் தேள் நினைவுக்கு வந்தது. வெறுங்கை என்று காட்ட வேண்டும். புறங்கையைப் பார்த்தால் இன்னும் பயப்படுவார். ஆகவே உள்ளங்கையை மேலே வைத்துக் கதவுக்குக் கீழே மணிக்கட்டு வரை தள்ளினேன். பலகை தோலை உரசியது.

யாரும் தொடவில்லை. உள்ளே அவருடைய மூச்சு மட்டும் வேகமாகக் கேட்டது. "அக்கா, எந்த ஊர் நீங்கள்?" என்றேன். "மன்னார்" என்றார். குரல் கொஞ்சம் இழுபட்டது. "மன்னாரில எங்க?" பதில் வரவில்லை. எனக்குப் பின்னால் கூட்டாளி எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது.

அப்போது ஒரு சின்ன விரல் என் மணிக்கட்டைத் தொட்டது.

"இது என்ன?" நவோமியின் குரல், பிரெஞ்சில். தேளின் வால் மணிக்கட்டைச் சுற்றி வருகிறது அல்லவா, அதன் நுனி அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"வால்" என்றேன் நானும் பிரெஞ்சில்.

"யாருடைய வால்?"

நான் கையை மெதுவாகத் திருப்பினேன். குழந்தை மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. பயந்துவிட்டாள் என்றே நினைத்தேன். பிறகு ஒரு சிரிப்பு. "அன்ரி! பூச்சி! பெரிய பூச்சி!" என்றாள். அந்த வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் ஜெசிந்தாவை "அன்ரி" என்றுதான் கூப்பிடுவார்களாம். தேளின் கால்களை ஒவ்வொன்றாக விரலால் தடவத் தொடங்கினாள். 

"பூச்சி இல்லை, தேள்" என்று ஜெசிந்தா தமிழில் முணுமுணுத்தார். மறுபடியும் பேச்சு வந்துவிட்டது. கூட்டாளி காலைத் தளர்த்தினாள். பிறகு என் அருகில் படுத்து, சீனிக் கூழ் குழாய் ஒன்றை மூடி திறந்து என் விரல்களுக்குள் வைத்தாள். அதை உள்ளே தள்ளினேன்.

"அக்கா, இது இனிப்பு. கொஞ்சம் கொஞ்சமா நாக்கில வையுங்கோ."

"மாட்டன். என்னத்தையோ கலந்து வைச்சிருக்கிறியள்."

 அவர் முன்பு எதை நம்பி எதை இழந்தார் என்று எனக்குத் தெரியாது. என் மொழியும் என் கையும் அந்த இடத்தில் போதாமல் போயின. உள்ளே அவர் நம்புகிற ஆள் ஒருத்திதான் இருந்தாள்.

"நவோமி, கொஞ்சம் சுவைத்துப் பார்க்கிறாயா? பிறகு அன்ரிக்கும் கொடு" என்றேன்.

குழாயை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "நல்லா இருக்கு" என்றாள். "அன்ரி, வாயைத் திற. ஆ!" அவர் தினமும் அவளுக்குச் சோறு ஊட்டும்போது சொல்கிற "ஆ" அது. அந்த ஓர் எழுத்து மட்டும் தமிழாகவே இருந்தது.

ஜெசிந்தா வாயைத் திறந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில், "பிள்ளை, நீ சாப்பிடு" என்றார். "இல்லை, அன்ரிதான்" என்றாள் அவள் பிரெஞ்சில். அப்படியே மாறி மாறி நடந்தது. நான் ஊர் கேட்டேன், கோயில் கேட்டேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். பதில்கள் முதலில் அரைகுறையாக வந்தன, பிறகு வாக்கியமாக வந்தன. தீயணைப்பாளர்கள் படியேறி வந்தார்கள். கூட்டாளி வாயில் விரல் வைத்து அவர்களைக் கதவடியிலேயே நிறுத்தினாள். இவ்வளவு பெரிய ஆட்கள் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதை நான் தரையில் படுத்தபடியே பார்த்தேன்.

கடைசியில் உள்ளேயிருந்து வேறு குரல் வந்தது. வெட்கமும் களைப்பும் கலந்த, தன் வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் குரல். "தம்பி, நான் ஏன் இதுக்குள்ள இருக்கிறன்?"

தாழ்ப்பாளை அவரே திறந்தார்.

நவோமி தாயிடம் ஓடினாள். மிஷ்லின் அவளைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. நான் ஜெசிந்தாவைத் தாங்கிக்கொண்டு உள்ளே பார்த்தேன். குளியல் தொட்டியில் தண்ணீர் இல்லை. அங்கே இருந்த துவாய்கள், தோய்க்க வைத்த உடுப்புகள், கால்மிதி எல்லாவற்றையும் தொட்டிக்குள் குவித்து நடுவில் ஒரு குழந்தை இருக்கக்கூடிய குழி செய்திருந்தார். ஷெல் விழும்போது பிள்ளைகளை வைக்கிற பங்கர் அது. நினைவு தப்பிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், குழந்தையை அதற்குள் வைத்துவிட்டு, தான் வந்து வாசலில் முதுகைக் கொடுத்திருக்கிறார்.

மிஷ்லினும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் கேட்டார். "இனி நான் என் பிள்ளையை இவரிடம் விடலாமா? நீங்கள் சொல்லுங்கள்."

இப்படியான கேள்விகள் உங்களிடமும் வரும். பதில் சொல்கிற உரிமை எங்களுக்கு இல்லை. பார்த்ததைச் சொல்கிற கடமை உண்டு. "சீனி இறங்காமல் பார்த்துக்கொள்ள என்ன வேண்டும் என்று வைத்தியர் சொல்வார். ஒரு துணையாள் வேண்டியிருக்கலாம். முடிவு உங்களுடையது" என்றேன். பிறகு அந்தத் தொட்டி என்ன, இவர் ஏன் கதவில் சாய்ந்து இருந்தார் என்று அவருக்குச் சொன்னேன். இராணுவம் வருகிறது என்று நினைத்தவர், அதற்கும் உங்கள் மகளுக்கும் நடுவில் போய் இருந்துகொண்டார் என்றேன்.

 தூக்குக் கட்டிலில் படுக்கவைத்து வெளியே கொண்டுபோகும்போது ஜெசிந்தாவுக்கு ஒரே கவலை. "என்ர மகள் பள்ளிக்கூடத்தால வரப்போறாள். அவளிட்டைக் கதவுத் திறப்பு இல்லை" என்றார். நான் அதைப் பிரெஞ்சில் சொல்லி முடிப்பதற்குள் மிஷ்லின் நவோமியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "நான் இருக்கிறேன். அவள் வந்ததும் சாப்பாடு கொடுத்துக் கூட்டிவருகிறேன், மதாம் ஜெசிந்தா" என்றார். அதுதான் அவருடைய பதில் என்று எனக்குப் பட்டது.

வண்டிக்குள் ஜெசிந்தா என் இடது கையையே பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே முழங்கைக்குக் கிட்ட மூன்று சிறிய சிலுவைகள் உண்டு.

"இது ஆரின்ர சிலுவை?"

"என்ர சிநேகிதர், அக்கா. ஆப்கானிஸ்தானில செத்துப்போனவை." பிறகு சொன்னேன். "நானும் அங்க இருந்தனான். கனடா ஆமியில."

கூட்டாளி வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தாள். நகரத்துச் சத்தம் வெளியே போய்க்கொண்டிருந்தது. ஜெசிந்தா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு முறைப்பாடு இதுதான் என்று நினைத்தேன்.

"கதவடியில கேட்டனான் என்ன, நீ ஆமியோ எண்டு?"

"ஓம், கேட்டனீங்கள்."

"ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா திறந்திருப்பியளோ?"

"மாட்டன்" என்றார். உதட்டோரம் லேசாகச் சிரித்தார். பிறகு, "அந்தப் பெடியங்களுக்குத் தாய்மார் இருக்கினமோ?" என்றார்.

"ஓம், மூண்டு பேருக்கும்."

"பேரைச் சொல்லுங்கோ."

நான் அந்தப் பெயர்களை மனைவியிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. வண்டியின் பின்னால், வேலை நேரத்தில், சீருடையோடு சொன்னேன். எத்தியென். மத்தியூ. ஜான்-லுக். அவர் ஒவ்வொன்றையும் தனக்குள் சொல்லிப் பார்த்தார். நாக்கு புரளவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன்.

"வாற ஞாயிறு எங்கட மாதா கோயில்ல காலமைப் பூசை. வேலை இல்லாட்டி வாங்கோ" என்றார்.

இரண்டு நாள் கழித்து மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். "உன்னைப் பற்றி ஒரு தொலைபேசி வந்தது. கையில் படம் உள்ளவர் என்று கேட்டார்கள்" என்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "ஒரு தாய். அவருடைய மகளுக்கு உன் பூச்சியின் பெயர் தெரிய வேண்டுமாம். பெயர் இல்லையென்றால் அவளே வைக்கப்போகிறாளாம்." அவர் சிரிக்கவில்லை, மேசையில் இருந்த எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். நீளக்கை பற்றி அதன் பிறகு அவர் பேசியதே இல்லை.

எல்லாக் கதவுகளும் அப்படித் திறந்தன என்று நினைக்காதீர்கள். என் கையைப் பார்த்துவிட்டு வேறு ஆளை அனுப்பச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஒதுங்கி நின்று கூட்டாளியைப் போகவிட்டேன். அதில் அவமானம் ஒன்றும் இல்லை, வலிப்பது அவர்களுக்கு. சில வீடுகளில் நானாகவே சட்டைக் கையை இறக்கிவிட்டுப் போனேன். எங்கே இறக்குவது, எங்கே ஏற்றுவது என்று யாரும் எழுதித் தர முடியாது. ஆனால் முதலில் நோயாளியைப் பாருங்கள். அவரைப் பார்த்துவிட்டால் அந்தத் தீர்மானம் தானாக வரும். உங்களைப் பற்றியே யோசித்துக்கொண்டு நின்றால் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. நான் கோயிலுக்குப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. கதவுக்குக் கிட்ட, கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். ஜெசிந்தா முன்வரிசையில் மகளோடு இருந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. வாங்குகள் நிறைய யாழ்ப்பாணத்து, மன்னார்க் குடும்பங்கள். துவக்கோடு வந்தவர்களுக்குப் பயந்து வீட்டையும் கோயிலையும் விட்டு ஓடிவந்தவர்கள்தான் அதில் முக்கால்வாசிப் பேர்.

மன்றாட்டு நேரம் வந்தது. சாமியார் வழக்கமான பெயர்களை வாசித்தார். யாரோ ஒருவரின் தாய், யாரோ ஒருவரின் மாமா. பிறகு, "நம் சகோதரர் ஒருவரின் நண்பர்கள், போர்க்களத்தில் இறந்த ஸ்தேவான், மத்தேயு, யோவான் லூக்கா, இவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்றார்.

யார் இவர்கள் என்றுதான் முதலில் யோசித்தேன். பிறகு விளங்கியது. ஜெசிந்தா மனதில் வைத்துக்கொண்டுபோய்த் தன் நாக்குக்கு வந்தபடி சொல்லியிருக்கிறார். சாமியார் அவற்றை எங்கள் பெயர்களாக்கிவிட்டார். எத்தியென் ஸ்தேவானாகவும், மத்தியூ மத்தேயுவாகவும், ஜான்-லுக் யோவான் லூக்காவாகவும் ஆகி, மூன்று பேரும் தமிழ்ப் பிள்ளைகளாகிவிட்டார்கள். பிரெஞ்சில் நாங்கள் அடக்கம் செய்த அந்த மூவருக்கும், அந்த மண்டபம் முழுக்கத் தமிழில் பதில் எழுந்தது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

எனக்கு முன்னால் இருந்த ஒரு வயதானவர், அவர்கள் யார் எவர் என்று எதுவும் தெரியாமலே, மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னார். நானும் அவரோடு சேர்ந்து சொன்னேன்.